வேட்டைக்குக் காம்பவுண்ட் வில் வாங்கப் போகும் என் மருமகனுக்கு எழுதியது, மற்றவர்களும் படிக்கலாம்

அக்காள் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது நலம் விசாரித்த கையோடு ஒரு வில்லின் படத்தை அனுப்பிவிட்டு, "விநாடிக்கு 340 அடி வேகம் போகுமாம், 70 பவுண்டாம், வாங்கிரட்டுங்களா மாமா?" என்று கேட்டான். அங்கே தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் இருந்தால் காட்டுப்பன்றியை வேட்டையாட 2019 முதல் உரிமம்கூடத் தேவையில்லை. அவனுடைய நண்பர்கள் சிலர் வில்லோடு போகிறார்கள், இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. நான் ஆறு ஆண்டுகளாகத் தென்னந்தோப்பில் நுரைப்பலகையை இலக்காக நிறுத்தி, முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் எய்துகொண்டிருப்பவன் என்பதால் என்னிடம் கேட்டான். தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது. கேரளத்தின் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நண்பர்கள் சிலரும் இதே கேள்வியை வேறு நோக்கத்தோடு கேட்டிருப்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க்காரர்களுக்கு. நிலக்கடலையையும் கிழங்கையும் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் பன்றியின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. வேட்டை என்பதற்குள் முயற்சியும் அடங்கும் என்பதால், குறி தப்பியது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. கேரள அரசு 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த அதிகாரம், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பயிரை அழிக்கும் பன்றியைச் சுட வைப்பதற்கானது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2025-இல் எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம். இந்த இரண்டிலும் உங்கள் வில்லுக்கு இடமில்லை. இணையக் கடைகளில் வேட்டை வில் என்று பெயரிட்டு விற்பதை வாங்கினாலும், இங்கே அதைக் கொண்டு இலக்குப் பலகையைத்தான் எய்ய முடியும். அப்படி எய்வதற்கு மட்டும் வாங்குவதாக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

இனி மருமகனுக்கு. அவன் அனுப்பிய படத்தில் பெரிய எழுத்தில் இருந்த 340 என்ற எண்தான் என் கோபத்துக்கெல்லாம் காரணம். அந்த வேகம் 70 பவுண்டு விசையில் (நாணை இழுக்கத் தேவைப்படும் பலம்), 30 அங்குல இழுநீளத்தில் (முழுதாக இழுத்த நிலையில் வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையிலான நீளம்), 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடையுள்ள மிக இலகுவான அம்பை விட்டு அளந்தது. என் மருமகனின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். இரு கைகளையும் விரித்தால் நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை ஏறத்தாழ அதே 67 அங்குலம் வரும். அதை இரண்டரையால் வகுத்தால் கிடைக்கும் 27 அங்குலத்தை ஒட்டியதுதான் அவனுடைய இழுநீளம். இழுநீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் விநாடிக்குப் பத்து அடி வேகம் குறையும் என்பது வில்லாளிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மூன்று அங்குலத்துக்கு முப்பது போயிற்று. 60 பவுண்டில் இழுத்தால் இன்னும் இருபது போகும். பன்றிக்கு 450 கிரெய்ன் அம்பாவது வேண்டும், அந்தக் கூடுதல் எடைக்கு முப்பதுக்கு மேல் கழிக்க வேண்டும். 340 என்று காசு கொடுத்து வாங்கியது அவன் கையில் 260-ஐக்கூட எட்டாது. அந்த வேகம் போதாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாகப் போதும். கிடைக்காத வேகத்துக்காக எதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே என் கட்சி இதுதான்: வில்லை அதன் வேகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, உங்கள் உடம்பின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். வயநாட்டுப் பழங்குடியினரான குறிச்சியர் 1802-இல் தலக்கல் சந்துவின் தலைமையில் ஆங்கிலேயரின் பனமரம் கோட்டையைத் தாக்கியபோது ஏந்தியிருந்த வில்லுக்கும் இந்த வில்லுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. பழைய வில்லை எவ்வளவுக்கு இழுக்கிறோமோ அவ்வளவுக்குச் சுமை ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்திலும் நிறுத்தி எய்யலாம். 1960-களில் அமெரிக்கரான ஆலன் என்பவர் உருவாக்கி 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லில், இரு முனைகளிலும் உள்ள கேம் என்னும் மையம் விலகிய சக்கரங்கள் சுழன்று, முழுதாக இழுத்து முடித்தவுடன் சுமையின் பெரும்பகுதியைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. 80 விழுக்காடு விட்டுக்கொடுக்கும் 60 பவுண்டு வில்லைக் குறி பார்த்து நிற்கும்போது விரலில் இருப்பது 12 பவுண்டுதான். இந்தச் சலுகை சக்கரம் முழுதாகத் திரும்பி நிற்கும் அந்த ஒரே நீளத்தில் மட்டுமே கிடைக்கிறது என்பதால், அந்த நீளம் உங்கள் கையின் நீளமாக இருந்தாக வேண்டும். ஓர் அங்குலம் கூடுதலாக வைத்துக்கொண்டால் இடது தோள் மேலெழும்பும், தாடையில் கை பதியும் இடம் நாளுக்கு நாள் மாறும், நாண் முன்கையில் வந்து அறையும். என் முதல் வில் அப்படித்தான் இருந்தது. இரண்டு மாதம் நீல நிறக் கையோடு அலைந்தேன், வீட்டில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

விசையைப் பற்றி ஆண்களிடம் பேசுவது கடினம். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராக நீட்டியபடி, வானத்தை நோக்கித் தூக்காமல் இழுத்துப் பார். முடிந்தால் அந்த விசை உனக்குரியது, தூக்கினால்தான் இழுக்க வருகிறது என்றால் ஐந்து பவுண்டைக் குறை. மரத்தின் மேல் அமைத்த இருக்கையில் குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு, பன்றி பார்க்காத நேரத்தில் ஓசையில்லாமல் இழுக்க வேண்டியவனுக்கு, கடையில் சூடான உடம்போடு ஒருமுறை இழுத்துக் காட்டிய 70 பவுண்டு பயன்படாது. விஜயவாடாவின் ஜோதி சுரேகா வெண்ணம் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற போட்டிப் பிரிவில் விசையின் உச்சவரம்பே 60 பவுண்டுதான். காகித இலக்கும் பன்றியும் ஒன்றல்ல என்பது உண்மை. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பகுதியில் கேடயம் போலத் தடித்த தோல் இருக்கும். இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாகவும் முன்காலை ஒட்டியும் இருக்கும். இதற்கு விடை கூடுதல் பவுண்டில் இல்லை. கனமான அம்பு, அசையும் பாகமில்லாத கூர்மையான முனை, இருபது கஜத்துக்குள் வரும்வரை காத்திருக்கும் பொறுமை, இவை மூன்றும் இருந்தால் 60 போதும். இவை இல்லாமல் 70-ஐ வைத்திருப்பவன் அடிபட்ட விலங்கை இருட்டில் தேடி அலைவான், அதுவும் எங்கோ கிடந்து துடித்துச் சாகும்.

வில்லின் மொத்த நீளத்தைப் பற்றி நீண்ட வாதங்கள் உண்டு. மரத்தில் உட்காருபவனுக்கு 30 முதல் 33 அங்குலம் வசதி, பலகைக்கு எய்பவனுக்கு 36-க்கு மேல் நிலையாக நிற்கும், அவ்வளவுதான். நிறம், உருமறைப்பு வண்ணம் பற்றியெல்லாம் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, விசையையும் இழுநீளத்தையும் பெரிய அளவில் மாற்றிக்கொள்ளக்கூடிய வில்தான் நல்லது. 5 பவுண்டிலிருந்து 70 வரை ஏற்றிக்கொள்ளும் வகைகளே கிடைக்கின்றன. கடைக்காரர்கள் அதைச் சிறுவர்களுக்கானது என்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். வில்லுக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அம்புக்கும், நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் என்னும் கருவிக்கும், குறிபார்க்கும் கருவிக்கும் எடுத்து வையுங்கள். அம்பின் விறைப்பு விசைக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த வில்லும் ஒவ்வொரு அம்பையும் ஒவ்வொரு பக்கம் அனுப்பும். அம்பில்லாமல் ஒருபோதும் நாணை விடாதீர்கள். தோப்புக்கு வந்த உறவினர் ஒருவர் விளையாட்டாக அப்படி விட்டதில் என் வில்லின் மேல்தண்டு நீளவாக்கில் பிளந்தது, நல்லவேளையாகக் கண்ணில் எதுவும் படவில்லை. அம்பு ஏந்திக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பிவிடுவதுதான் காரணம்.

நேற்று இரவு மருமகன் மறுபடி அழைத்தான். கடையில் அளந்து பார்த்ததில் இழுநீளம் இருபத்தாறரை வந்திருக்கிறது, அந்த அளவுக்கு இழுநீளத்தை அமைக்கும் மாட்யூல் என்னும் கேமின் பாகம் கைவசம் இல்லை, வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்கிறார்களாம். இருபத்தெட்டில் இருப்பதை உடனே தருகிறார்களே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். இரண்டு வாரம் பொறுத்துக்கொள் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.