அமைதியான ஊருக்குப் போலீஸ் எதற்கு?

"நம்ம பக்கம் குற்றமே கிடையாது, இங்க எதுக்கு போலீஸ்?" கிராமப்புறத்தில் யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் திருடு போன மறுநாள் அதே ஆள், "போலீஸ்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கொதிப்பார்.

குற்றமே கிடையாது என்பதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதுதான் என் முதல் சந்தேகம். ஐந்நூறு பேர் இருக்கும் ஊரில் போன வருஷம் இரண்டு திருட்டு, இந்த வருஷம் நான்கு என்றால் "நூறு சதவீத உயர்வு" என்று தலைப்புப் போடலாம். ஒரே கும்பல் ஒரே ராத்திரியில் இரண்டு வீட்டில் கூடுதலாகக் கைவைத்திருந்தாலும் கணக்கு இதுதான். அடுத்த வருஷம் குறைந்தால் அது காவல்துறையின் சாதனை! சின்ன ஊரின் புள்ளிவிவரத்தை வைத்து யாராவது வருஷக் கணக்குப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன்.

கணக்கில் ஏறாதவை வேறு. ஸ்டேஷன் தூரத்தில் இருக்கும். போய் எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் கூலி போகும், போன பொருள் வரப்போவதில்லை. ஆடு போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள் நடக்கும் அடி உதை இன்னும் மோசம். நகரத்துப் பெண் தெருவுக்குத் தெரியாமல் புகார் கொடுத்துவிட்டு வரலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் அவள் பஸ் ஏறும்போதே செய்தி வீட்டுக்குப் போய்விடும். பதிவேட்டில் பூஜ்யம் இருக்கும். அதைத்தான் அமைதி என்கிறோம்.

சரி, ரோந்து வண்டி அடிக்கடி சுற்றினால் போதுமா? 1972-73ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் சோதித்தே பார்த்தார்கள். 15 ரோந்துப் பகுதிகள். ஐந்தில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள், மீதி ஐந்தை அப்படியே விட்டார்கள். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிறகு அதே நாட்டின் நெவார்க் நகரில் போலீஸ்காரர்களை வண்டியில்லாமல் நடந்தே ரோந்து போகவிட்டார்கள். குற்றம் குறையவில்லை, மக்களின் பயம் குறைந்தது. 2009ல் பிலடெல்பியாவில் நடைரோந்தால் வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது உண்மைதான். ஆனால் வன்முறை குவிந்து கிடந்த தெருமுனைகளாகப் பொறுக்கியெடுத்து அங்கே ஆள் போட்டார்கள். வயல்களுக்கு நடுவே எந்த முனையைப் பொறுக்குவது? எப்போதாவது விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகும் ஜீப், இனி கொஞ்ச நேரம் யாரும் வரமாட்டார்கள் என்று திருடனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

நான் கேட்பது வண்டி இல்லை, ஆள். ஜப்பானியக் கிராமங்களில் 'சுசாய்ஷோ' என்று ஓர் ஏற்பாடு உண்டு. காவல் அறையும் வீடும் சேர்ந்தே இருக்கும், போலீஸ்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார். அவர் வெளியே போயிருந்தால் வந்தவருக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் மனைவி. (அந்த அம்மாவின் உழைப்பைப் பற்றித் தனிப் பதிவே போடலாம்.) வீடு வீடாகப் போய் விசாரித்து வருவதும் அந்தப் போலீஸ்காரரின் வேலைதான்.

அப்படி ஓர் ஆள் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2018 ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா கிராமத்தில், பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்ற வதந்தியை நம்பி ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். செத்தவர்கள் நாடோடிச் சமூகத்தவர்கள். ஒரு போன் போட்டு "இது உண்மையா?" என்று கேட்க, பெயர் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் இருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கேட்கவாவது ஓர் ஆள் இருந்திருப்பார்.

உள்ளூரிலேயே ஊறிப்போனால் பெரிய வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடமாட்டாரா? சாய்வார். கணவனோடு உட்கார்ந்து டீ குடிக்கும் போலீஸ்காரரிடம் அடிபட்ட பெண் எப்படிப் போவாள்? அவரைத் தாண்டி, ஊருக்கு வெளியே புகார் சொல்ல ஒரு வழி கட்டாயம் வேண்டும். அதற்காக, முகம் பழகும் முன்பே ஆளைத் தூக்கி வேறு இடத்தில் போடுவது மருந்தில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல ஆள் ஒருவர் வந்தால் முதல் ஒன்றிரண்டு வருஷம் பதிவாகும் குற்றம் ஏறத்தான் செய்யும், இதுவரை வாய் திறக்காதவர்கள் பேச ஆரம்பிப்பார்கள் என்பதால். அந்த நேரம் பார்த்து "இவர் வந்த பிறகுதான் ஊர் கெட்டது" என்று மேலதிகாரிக்கு மனு எழுதவும் நாலு பேர் கிளம்புவார்கள். அதில் கையெழுத்துக் கேட்டு என்னிடம் வராதீர்கள்.