மெட்டுப் போட்டவர் பெயர் எங்கே?

சென்னையில் எந்தத் தேநீர்க் கடையில் பழைய திரைப்பாட்டு ஒலித்தாலும், யார் இசை என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பாட்டெழுதிய கவிஞர்தான் பாவம், பல நேரம் மறந்துபோவார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழைந்தால் கதை தலைகீழ். மேனாட்டு மெட்டில் நாம் பாடும் ஞானப்பாட்டை எழுதியவரின் துயரக் கதையைப் பிரசங்கத்தில் உருக்கமாகச் சொல்வார்கள். மெட்டமைத்தவர் பெயரை யாரும் எடுப்பதில்லை.

‘தூய, தூய, தூயா’வையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலப் பாட்டை எழுதியவர் கல்கத்தா பேராயராக இருந்த ரெஜினால்ட் ஹீபர். 1826இல் திருச்சியில் இறந்தார். நம் கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் அவருக்குச் சலவைக்கல் சிலையே இருக்கிறது. ஆனால் நாம் இன்று பாடும் மெட்டை ஹீபர் ஒருநாளும் கேட்டதில்லை. அதை அமைத்த ஜான் பாக்கஸ் டைக்ஸ் அப்போது மூன்று வயதுக் குழந்தை! மெட்டு வெளிவந்தது 1861இல்.

அந்த முதல் வரியைக் கொஞ்சம் முணுமுணுத்துப் பாருங்கள். முதல் ‘தூய’ ஸட்ஜத்தில், இரண்டாவது காந்தாரத்தில், மூன்றாவது பஞ்சமத்தில். ஒவ்வொரு முறையும் குரல் மேலே ஏறுகிறது. மூன்று சுரங்களையும் ஆர்கனில் ஒன்றாக அழுத்தினால் ஒரே நாதம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தைப் பாடும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒருவர் என்ன செய்துவிட முடியும்? மெட்டுக்கு நிசேயா என்று பெயரும் வைத்தார். திரித்துவக் கொள்கைக்கு அடித்தளமிட்ட திருச்சபைச் சங்கம் 325ஆம் ஆண்டு கூடிய ஊர் அது. இத்தனையும் யோசித்தவருக்கு நம்மிடம் ஒரு வரி இடமில்லை.

‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ கதை இன்னும் சுவையானது. ஹென்றி பிரான்சிஸ் லைட் 1847இல் அதை எழுதியபோது தாமே ஒரு மெட்டும் போட்டார். அது நிற்கவில்லை. வில்லியம் ஹென்றி மங்க் அமைத்த மெட்டுதான் நிலைத்தது. அடக்க ஆராதனைகளில் நம் தொண்டையை அடைப்பதில் பாதி மங்கின் வேலை.

நம் மறதிக்குக் காரணம் நம் மரபிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். வாக்கேயக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொல்லும் இசையும் ஒருவரிடமே பிறக்கும். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் என்றால் பாட்டு, ராகம் எல்லாம் அவர் கணக்கில் சேரும். அதனால் ‘யார் பாட்டு’ என்று கேட்டால் போதும் என்றிருந்துவிட்டோம். ஞானப்பாட்டில் அது செல்லாது. ஆனால் கீர்த்தனைக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிடுவது நமக்குப் பழக்கம்தானே? அப்படியே ஞானப்பாட்டுக்கு மேலே மெட்டமைத்தவர் பெயரையும் போட்டால் என்ன?

‘மகிமை தேவனுக்கே, மனிதர் பெயர் எதற்கு’ என்பார்கள். சரி, அப்படியானால் எழுதியவர் பெயரையும் சொல்லாதீர்கள். எங்கள் ஆலயத்தில் புத்தகம் போய்த் திரை வந்ததிலிருந்து மெட்டின் பெயரும் போய்விட்டது. புதிதாக வரும் கீபோர்டு பிள்ளைகள், அடிகளின் அசை எண்ணிக்கை ஒத்த வேறொரு மெட்டுக்கு மாற்றிப் பாடலாம் என்பதைக்கூட அறியாமல் வளர்கிறார்கள்.

அந்தத் திரையின் ஓரத்தில், ஒலிபெருக்கி அன்பளிப்புச் செய்த குடும்பத்தின் பெயர் மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. அதற்குக் கீழே டைக்ஸுக்கும் ஒரு வரி தாருங்கள், ஐயா.