ஷாம்பூ பாக்கெட்டுக்கு யார் பொறுப்பு?

ஷாம்பூ பாக்கெட் ஒன்றைக் காலி செய்து தராசில் வைத்தால் 1 கிராம் முன்பின் காட்டும். ஒரு கிலோ சேர 1000 பாக்கெட் பொறுக்கணும். தண்ணீர் பாட்டில் என்றால் நாற்பது ஐம்பதிலேயே கிலோ தேறிவிடும், காயலான் கடையில் கையோடு காசு. குப்பை மேட்டில் பாட்டில் மிஞ்சாததும் பாக்கெட் மலையாகக் குவிவதும் இதனால்தான். ஆயிரம் தடவை குனிந்து எடுத்தாலும் அதை வாங்க ஆளில்லை. பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலிஎதிலீன் என்று ஒட்டிக் கிடக்கும் அடுக்குகளைப் பிரிக்கிற செலவு, பிரித்துக் கிடைப்பதன் விலையைத் தாண்டிவிடும்.

ஈ.பி.ஆர். எனப்படும் உற்பத்தியாளர் பொறுப்பு வந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பல அடுக்கு உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் முதன்மைப் பொறுப்பு உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளருடையது என்று நேராகவே சொன்னது. மறுசுழற்சி ஆகாத பல அடுக்கு உறைகளை இரண்டே ஆண்டில் ஒழிக்கணும் என்றும் இருந்தது. 2018 திருத்தத்தில் அந்த வரியோடு ‘ஆற்றல் மீட்க முடியாதது’, ‘மாற்றுப் பயன் இல்லாதது’ என்ற சொற்களைச் சேர்த்தார்கள். சிமென்ட் சூளையில் எரிக்க முடியும் என்றாலே உறை தப்பித்துக்கொள்ள வழி கிடைத்தது. பிடி தளர்ந்தது அங்கேதான்.

2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் இப்போதைய முறையைக் கொண்டுவந்தது. கெட்டி பிளாஸ்டிக் முதல் வகை, வளையும் பிளாஸ்டிக் இரண்டாவது, பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த பல அடுக்கு மூன்றாவது, மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. 2023-24 முதல் கம்பெனியின் பொறுப்பு 100 சதவீதம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம், இந்த வகையில் இவ்வளவு கழிவை மறுசுழற்சி செய்தோம் என்ற சான்றை வாங்கி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கணக்குக் காட்டினால் கடமை முடிந்தது.

என் சண்டையே இந்தச் சான்றோடுதான். அது பிறப்பது மறுசுழற்சி ஆலையில். ஆனால் வேலை தொடங்குவது வீட்டு வாசலில். தூய்மைப் பணியாளர் பேட்டரி வண்டியில் வாங்குகிறார். வள மீட்பு மையத்தில் கையால் பிரிக்கிறார்கள். எதற்கும் விலைபோகாத மிச்சத்தை இயந்திரத்தில் அழுத்தி பேல் கட்டி, லாரி பிடித்து, அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைக்கு அனுப்பணும். ஈரமும் மண்ணும் இருந்தால் அங்கே லோடைத் திருப்பிவிடுவார்கள். பி.வி.சி. கலந்திருந்தால் அதன் குளோரின் சூளையின் முன்சூடேற்றியில் படிந்து அடைக்கும், அதற்கும் திருப்புவார்கள். போன லாரி வாடகையும் திரும்பி வந்த வாடகையும் உள்ளாட்சியின் தலையில், அதாவது நாம் கட்டும் வரியில். கம்பெனி கொடுத்த சான்றுப் பணத்தில் இந்தக் கைகளுக்கு இவ்வளவு போகணும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது.

இன்னொரு கோளாறு, சான்றுக்கு ஊர் கிடையாது. கொல்லிமலைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுக்கு ஈடாக, எங்கோ ஒரு தொழிற்பேட்டைப் பக்கத்தில் சேர்ந்த கழிவைக் காட்டிவிடலாம். லாரி ஏறச் சிரமமான ஊருக்கு யாரும் வரமாட்டார்கள். காகிதம் மட்டுமே கணக்கு என்றான பிறகு மோசடிக்கும் கேட்கணுமா? 2023இல் மத்திய வாரியத்தின் தணிக்கையில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றுகள் பிடிபட்டன. ஆலையின் மின்கட்டண ரசீதை உற்பத்திக் கணக்கோடு ஒப்பிட்டாலே பாதி பொய் தெரிந்துவிடும்.

பிரான்சில் 1992 முதல் வீட்டு உறைகளுக்குக் கம்பெனிகள் கட்டும் கட்டணத்திலிருந்து, சேகரித்துப் பிரிக்கும் உள்ளாட்சிகளுக்குப் பணம் போகிறது. ஜெர்மனியில் 1991 சட்டத்துக்குப் பிறகு உறைகளுக்கான தனிச் சேகரிப்பையே கம்பெனிகளின் பணத்தில் நடத்துகிறார்கள். பணம் முதல் கைக்குப் போய்ச் சேர்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்காக நமக்கும் கடைக்காரருக்கும் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துணுக்கை எந்தப் பணியாளராலும் பொறுக்க முடியாது. மூலை ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறி, அலசி, கவிழ்த்துக் காயவைத்துக் கொடுத்தால் அது ஒரே வகை பாலிஎதிலீன், விலைபோகும். சாம்பார் ஒட்டிய கவரோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் எரிக்கத்தான் லாயக்கு.

கடையின் பங்கைப் பேசும்போது டாஸ்மாக் பாட்டிலைப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கினார்கள். உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் வழக்கின் அடிப்படை. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது ஏற்பாடு. வீசி எறிந்த பாட்டிலையும் எடுத்து வர ஆள் வந்தார்கள், ஏனென்றால் அதில் 10 ரூபாய் இருக்கிறது. பிற மாவட்டங்களுக்கு விரிந்தபோது கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். பாட்டிலை அடுக்க இடமில்லை, எண்ணி வாங்க ஆளில்லை என்றார்கள். அது நியாயமான குறை. திரும்ப வாங்குகிறவருக்கு இடமும் கூலியும் ஒதுக்காமல் பொறுப்பை மட்டும் பகிர்ந்தால், மொத்தச் சுமையும் கடைசி ஆள் மேல்தான் விழும்.

ஆகவே, கம்பெனியோடோ அதன் முகவரோடோ ஒப்பந்தம் போடும் நகராட்சிகளும் ஊராட்சிகளும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கிலோவுக்கு இவ்வளவு என்று வகைவாரியாக எழுதணும். மூன்றாம் வகைக்குத்தான் அதிக விலை வைக்கணும், அதை வேறு யாரும் வாங்கப்போவதில்லை. மலையூருக்குத் தனிப் போக்குவரத்துப் படி கேளுங்கள். உள்ளாட்சியின் எடைமேடைச் சீட்டு எண் இல்லாமல் அந்தச் சரக்குக்குச் சான்று எடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். பிரிக்கிறவர்களுக்கான பங்கு நேராக அவர்களின் வங்கிக் கணக்கில் விழட்டும். ஆலை லோடைத் திருப்பினால் லாரி வாடகை யாருடையது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.