பிள்ளைகள் கேட்பது இவ்வளவுதான், கொடுங்களேன்

"என்னைக் கொஞ்சம் ஃப்ரீயா விடுங்க" என்று பிள்ளை சொன்னால் பெற்றோர் காதில் அது பைக், காதல், ராத்திரி ஊர் சுற்றல் என்றுதான் விழுகிறது. சென்னை வேளச்சேரியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பல வருடங்களாக இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவர்கள் ஏங்குவது வேறு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். முடியை எப்படி வெட்டுவது என்று தானே முடிவு செய்ய வேண்டும். தோழியின் பிறந்தநாளுக்குப் போனால் அம்மா வாசலிலேயே ஸ்கூட்டியோடு காத்திருக்கக் கூடாது. நண்பனோடு வாட்ஸ்அப்பில் பேசியதை எல்லாம் அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படிக்கக் கூடாது. இதைக்கூடத் திமிர் என்று மறுக்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். அதுவும் நன்றாகப் படித்த, பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிற வீடுகள்.

என் மாணவி ஒருத்தி, பதினேழு வயது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குத் தனியாகப் போய் வர வேண்டும் என்பது அவள் ஆசை. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடி, தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், அடுத்தது கோட்டூர்புரம். இறங்கி நடந்தே போய்விடலாம். 2010இல் திறந்த அந்த நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே தனிப் பிரிவு உண்டு. அவள் அங்கே போகாமல் இல்லை. அம்மா கூட்டிப்போகிறார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், திரும்பக் கூட்டிவருகிறார். "புத்தகத்துல நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்னுகூட அம்மாவுக்குத் தெரியும் மிஸ்" என்றாள்.

அந்த அம்மாவின் பயம் பொய்யில்லை. பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் பிரம்மாண்டமாக இருக்கும், பல நேரம் ஆள் நடமாட்டமே இருக்காது. பஸ்ஸில் இடிக்கிறவர்களைப் பார்க்காமல் வளர்ந்த பெண் இந்த ஊரில் யாரும் இருக்க முடியாது. சரி, பயம் நியாயம்தான். ஆனால் அதற்கு வழி, முதல் இரண்டு முறை கூடவே போய் எந்தப் பெட்டியில் ஏறுவது, யாராவது தொந்தரவு செய்தால் எப்படிக் கத்துவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு, மூன்றாம் முறை பட்டப்பகலில் தனியாக அனுப்புவது. அடுத்த வருடம் அவள் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ ஹாஸ்டலில் இருக்கப் போகிறாள். அன்றைக்கு அம்மா பக்கத்து நாற்காலியில் இருக்க மாட்டார். ஆறு ஸ்டேஷன் தனியாகப் போகாதவளை ஒரே நாளில் வேறு ஊரில் இறக்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

காலையில் வேளச்சேரி விஜயநகர் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அரசுப் பள்ளிச் சீருடையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இலவச பஸ் பாஸோடு தனியாக ஏறுகிறார்கள். எந்த பஸ், எந்த நிறுத்தம், கூட்டம் அதிகமென்றால் அடுத்த பஸ்ஸா என்று தாங்களே முடிவெடுக்கிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் பயம் இருக்கும். விடியற்காலையே வேலைக்குக் கிளம்ப வேண்டிய வீட்டில் பயந்துகொண்டு உட்கார முடியாது, அவ்வளவுதான். அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் சாமர்த்தியம், அப்பார்ட்மென்ட்டில் வளரும் பதினேழு வயதுக்கும் இருக்கிறது. பழகத்தான் இடமில்லை. பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். எட்டாவது படிக்கும் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான், அக்கா மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் குரல் வரும்.

அப்புறம் இந்த லைவ் லொகேஷன். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். பல வீடுகளில் எட்டு மணி நேரத்தைத் தட்டிவிட்டுத்தான் பிள்ளை செருப்பே மாட்ட வேண்டும். இதற்குப் பையன்கள் கண்டுபிடித்திருக்கும் வழி டியூஷன் எடுக்கிறவர்களுக்குத் தெரியும்: போனை வகுப்பில் நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவது. அப்பாவின் போனில் புள்ளி டியூஷனில் நிற்கும். பையன் ஓ.எம்.ஆர். சாலையில் யாருடைய பைக்குக்குப் பின்னாலோ உட்கார்ந்திருப்பான். விழுந்து அடிபட்டால் அம்மாவைக் கூப்பிட அவன் கையில் போன் இருக்காது. அவனைக் காப்பாற்றத்தானே அந்தப் புள்ளியை வைத்தீர்கள்?

இதையெல்லாம்விட என்னைக் கலங்கவைப்பது ஒன்று உண்டு. உளவியலாளர் பிரையன் பார்பர் 1990களில் இரண்டு விதக் கட்டுப்பாட்டைப் பிரித்துக் காட்டினார். பிள்ளையின் நடத்தைக்கு வரம்பு வைப்பது ஒன்று, பிள்ளையின் மனதையே பிடித்து வைப்பது இன்னொன்று. எட்டு மணிக்குள் வீட்டுக்கு வா என்பது முதல் வகை. அதில் தவறே இல்லை, வரம்பே இல்லாமல் விடுவதும் பிள்ளைக்குக் கெடுதல்தான். இரண்டாவது வகை நம் வீட்டுச் சமையலறையில் தினமும் நடப்பது. "உன்னாலதான் எனக்கு பி.பி. ஏறுது." "உனக்காக வேலையை விட்டேன், நீ இப்படிப் பேசுற." "நான் போய்ச் சேர்ந்தப்புறம் உன் இஷ்டத்துக்கு இரு." இல்லையென்றால் நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. தட்டில் சோறு வரும், வார்த்தை வராது. இப்படி மனதைப் பிடித்து வைப்பதற்கும் பிள்ளைகளின் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. டாக்டராக வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்து ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் அதை நான் நேரில் பார்க்கிறேன். "எனக்கு காமர்ஸ் பிடிக்கும்" என்று சொல்ல அவர்களுக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. சொன்னால் அம்மா அழுவார். அந்த அழுகைக்குத் தான்தான் காரணம் என்று வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் பயப்படுகிறார்கள். திட்டுக்கும் அடிக்கும் எதிர்த்து நிற்கலாம், அம்மாவின் கண்ணீருக்கு எதிரே ஒரு பிள்ளை என்ன செய்யும்?

குழந்தைகள் உரிமைக்காக 1989இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையில் 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. பிள்ளையை வழிநடத்தும் உரிமையும் பொறுப்பும் பெற்றோருடையது என்று அதன் 5ஆவது பிரிவு ஒப்புக்கொள்கிறது. கூடவே, பிள்ளையின் திறன் வளர வளர அதற்கேற்ப வழிநடத்த வேண்டும் என்கிறது. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். ஆறு வயதில் கையைப் பிடித்த அதே பிடி பதினாறிலும் இருந்தால் வலிக்கும்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சண்டை போட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது. சின்னதாக ஒன்று கேளுங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள், அப்புறம் அடுத்ததைக் கேளுங்கள். ஆனால் அடி, அறையில் பூட்டி வைப்பது, படிப்பை நிறுத்துவது, பதினெட்டுக்கு முன்பே கல்யாணப் பேச்சு என்று போனால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

பெற்றோரைவிட அக்கம்பக்கத்தாரிடம் எனக்குக் கோபம் அதிகம். ஒரு பெண் பிள்ளை பஸ் ஸ்டாப்பில் நான்கு பேரோடு சிரித்துக்கொண்டு நின்றால் அவள் வீடு போய்ச் சேருவதற்குள் அம்மாவுக்கு போன் போயிருக்கும். "சும்மா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று முடித்துவிடுவீர்கள். அந்த ஒரு போனால் அவளுக்கு ஆறு மாதத்துக்கு வெளியே போவது நின்றுவிடும். அனுப்பலாமா என்று யோசிக்கத் தொடங்கிய அம்மாக்கள்கூட நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் பின்வாங்குகிறார்கள். அந்த நாலு பேர் நாம்தான். அடுத்த முறை பார்த்தால் "என்னம்மா, காலேஜ் எப்படிப் போகுது" என்று அவளிடமே கேட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். அவள் அம்மாவின் நம்பர் உங்கள் போனில் அப்படியே இருக்கட்டும்.