முதலில் உன் தட்டைக் கழுவு

கல்லூரி நாட்களில் தான் செய்த சேவையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால், எனக்கு உடனே நினைவுக்கு வருவது கழுவாமல் கிடந்த என் தட்டுதான்.

நாங்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் வேறு வேறு துறை. முதலாம் ஆண்டு விடுதியில் பழகி, இரண்டாம் ஆண்டில் சேர்ந்து ஒரு வீடு எடுத்தோம். நண்பர்களோடு தங்குவது என்றால் விடிய விடிய அரட்டை, தேர்வுக்கு முந்தின ராத்திரி கூடி உட்கார்ந்து படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். குப்பையை யார் வெளியே வைப்பது, அலாரத்தை அடிக்கவிட்டுத் தூங்குகிறவனை என்ன செய்வது என்பதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

அந்த வருஷம்தான் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போக ஆரம்பித்தேன். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். ஞாயிறு காலைகளில் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பதும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் அதோடு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு பதிவை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், முந்தின ராத்திரி நான் சாப்பிட்ட தட்டு என் தலையணை மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிப்போய். வாசலில் நின்றிருந்த அறை நண்பன், "ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுற, சரி. ஒரு வாரமா உன் தட்டை நான்தான்டா கழுவுறேன்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்ல காரியத்துக்குப் போய்விட்டு வருகிறவனிடம் தட்டுக் கணக்கு பார்க்கிறானே என்று இரண்டு நாள் அவனோடு பேசவே இல்லை. என் ஞாயிற்றுக்கிழமைச் சேவை அவன் கழுவிய தட்டுகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பது உறைக்க ரொம்ப நாள் ஆனது.

சேர்ந்து வாழ்வதையும் சமூகத்துக்குச் செய்வதையும் நாம் இப்படி இரண்டு தனி அறைகளில் வைத்திருக்கிறோம். மாணவர்களின் சேவைக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. அதில் இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடந்தன. 1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் டாய்ன்பீ ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களும் அங்கே படித்து முடித்த இளைஞர்களும் ஏழைகள் நிறைந்த அந்தப் பகுதியிலேயே வந்து ஒன்றாகத் தங்க வேண்டும் என்பது திட்டம். வந்தோம், கொடுத்தோம், போனோம் என்று இருக்கக் கூடாது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளெமெண்ட் அட்லியும், அந்த நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளமான 1942 அறிக்கையைத் தயாரித்த வில்லியம் பெவரிட்ஜும் இளம் வயதில் அங்கே வேலை பார்த்தவர்கள்.

அந்த இல்லத்தை நேரில் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ், தன் கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரோடு சேர்ந்து 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். இரண்டு சிநேகிதிகள், ஒரு வீடு. கலை, இலக்கியம் என்று ஆரம்பித்தவர்களுக்கு அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் வேறொன்றைக் காட்டினார்கள்: வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போக ஓர் இடம். குழந்தைகள் காப்பகம் வந்தது. ஆடம்ஸுக்கு 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. இந்த மாதிரி இல்லங்கள் அக்கம்பக்கத்தாருக்கு எவ்வளவு தேவையோ, அங்கே தங்க வரும் படித்த இளைஞர்களுக்கும் அவ்வளவு தேவை என்று 1892இலேயே ஓர் உரையில் வாதாடினார். 'திருப்பிக் கொடுக்கிறோம்' என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது.

எனக்கும் அந்தப் பாதி பிறகுதான் புரிந்தது. முதுகலை படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனுக்கு எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்குச் சப்பென்று பட்டது. நானாக ஒரு நல்ல வார்த்தையைப் போட்டு எழுதினேன். அவர் பத்தியைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"தம்பி, அது என் வார்த்தை இல்லையே."

"இது இன்னும் நல்லா இருக்கும்ணே."

"இருக்கலாம். பரீட்சை எழுதுறது நான்ல?"

அடித்துவிட்டு அவர் சொன்னதையே எழுதினேன். காது சுட்டது. உதவி செய்யப் போகிறவன் கையோடு தன் மேதாவித்தனத்தையும் எடுத்துக்கொண்டு போகிறான் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

இந்த வேலையில் இன்னொரு சிக்கல் உண்டு; வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது. எழுத ஆள் தேவைப்படுவது தேர்வுக் காலத்தில். எழுதிக் கொடுக்கப் போகும் மாணவனுக்கும் அப்போதுதான் தேர்வு. ஆர்வமாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அந்த வாரத்தில் போனை எடுக்க மாட்டார்கள். நானும் ஒரு தடவை எடுக்காமல் இருந்திருக்கிறேன். தனியாக இருந்திருந்தால் அதோடு விட்டும் இருப்பேன். வழி கண்டுபிடித்தது அந்தத் தட்டுக்காரன்தான். நான்கு துறை, நான்கு தேர்வுக் கால அட்டவணை. நான்கையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, எவனுக்கு எந்த நாள் தேர்வு இல்லையோ அதை வட்டம் போட்டான். மற்ற இரண்டு பேரும் வர ஆரம்பித்தார்கள். எனக்கு முடியாத நாளில் அவர்களில் ஒருவன் போனான்.

அவன் மட்டும் வந்ததில்லை. தன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பான், அது உண்மையும்கூட. ஆனால் யாருக்கு எழுதப் போகும் முறையோ அவனை ஆறு மணிக்குப் போர்வையை இழுத்து எழுப்பிவிடுவான். அன்றைக்கு அவனுடைய வீட்டு வேலைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வான், இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவைத்து.

கல்லூரியில் சேவையை மணிக்கணக்கில் எண்ணுவதில் எனக்கு இதனால்தான் ஒரு மனக்குறை. எத்தனை மணி நேரம் போனேன் என்று பதிவேட்டில் இருந்தது, எனக்குச் சான்றிதழும் வந்தது. என்னைத் தூக்கத்திலிருந்து இழுத்த கைக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. ஒரு மணி நேரம் குப்பை பொறுக்கி அரை மணி நேரம் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்துக்கும் அதே தாள்தான் என்பது தனிக் கதை, அதற்குள் போனால் பதிவு நீண்டுவிடும்.

புதிதாகக் கல்லூரிக்குப் போகிற தம்பி தங்கைகள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: தனியாகப் போய்ப் பெயர் கொடுக்காதீர்கள், வீட்டில் கூட இருப்பவர்களிடம் முதலில் பேசுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் வேலையை யார் செய்வார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

போன வாரம் அவனிடம் இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். "எழுது, ஆனா ஒரு வாரம்னு போடாத, பத்து நாள்" என்றான்.