குழி இல்லாத குழித்தறி

ஒரு அருங்காட்சியகத்தில் எங்கள் மேலப்பாளையத்துத் தறி ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். வார்னிஷ் அடித்து, டைல்ஸ் தரையில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு சுற்று வந்து குனிந்து பார்த்துவிட்டு, "குழி எங்கல?" என்றார்.

குழித்தறியில் குழிதான் பாதித் தறி. தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதித்தால்தான் நீளவாக்கில் கட்டியிருக்கிற பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும், அந்த இடுக்கில்தான் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடும். இங்கே மிதிக்கிற கட்டை டைல்ஸில் இடித்துக்கொண்டு கிடக்கிறது. பக்கத்து அட்டையில் 'பழங்காலத் தறி'. தறியைக் கொடுத்த மாமாவை நேற்றுகூட டீக்கடையில் பார்த்தேன்!

ஆதிச்சநல்லூர்த் தாழியைச் செய்தவரைக் கேட்க முடியாது, சரி. தறிக்காரரைக் கேட்கலாமே?

ஊருக்கு ஊர், அந்தந்த ஊர்க்காரர்களின் வாழ்க்கையைக் காட்டுகிற சமூக அருங்காட்சியகம் வைப்போம், அதில் கைவினைஞர்களையும் சேர்த்துக்கொள்வோம் என்கிறார்கள். சேர்ப்பது என்றால் திறப்பு விழாவன்று இரண்டு மணி நேரம் நெய்து காட்டச் சொல்லி, ஒரு சால்வை போட்டு அனுப்புவது. நெய்தால்தான் கூலி என்கிற தொழிலில் தறியை விட்டு எழுந்தால் அந்த நேரத்துக் காசு போச்சு. என்னைக் கேட்டால் முதலில் அந்தக் கூலியைக் கொடுங்கள், அப்புறம் எதை வைப்பது, அட்டையில் என்ன எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

வாஷிங்டனில் அனகோஸ்டியா என்ற பகுதியில் 1967-ல் ஒரு பழைய சினிமா தியேட்டரில் ஸ்மித்சோனியன் என்கிற பெரிய அமெரிக்க அருங்காட்சியக நிறுவனத்தார் ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார்கள். 1969-ல் அங்கே நடந்த கண்காட்சி எதைப் பற்றித் தெரியுமா? எலி. உயிருள்ள எலிகளையே கொண்டுவந்து வைத்தார்கள், ஏனென்றால் அந்தத் தெருக்காரர்களின் அன்றாடத் தொல்லை அதுதான்.

எங்கள் தெருவைக் கேட்டால் கடன் நோட்டை வைக்கச் சொல்வார்கள். விசைத்தறி வந்த பிறகு யார் யார் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார்கள் என்று சொல்வார்கள். உம்மா தன் ராட்டையைக் கொண்டுவருவாள். நாடாவுக்குள் வைக்கிற நூல் குழலைத்தான் தார் என்போம்; அவள் தார் சுற்றிக் கொடுக்காமல் வாப்பா ஒரு முழம் நெய்ததில்லை, ஆனால் அங்கே மாட்டியிருந்த படங்களில் ஒரு பொம்பளை இல்லை.

கிளம்பும்போது வாப்பா அங்கிருந்த ஊழியரிடம், "ரெண்டரை அடி போதும் தம்பி, நானே வந்து வெட்டித் தாரேன்" என்றார். டைல்ஸை உடைக்க மேலே அனுமதி வாங்கணுமாம்.