மேலே சமவெளி, அடியில் மேடும் பள்ளமும்
'டெல்டாவின் வயல்களைப் போலவே அடிப்பாறையும் சமதளமாகக் கிடக்கிறது' என்று காவிரி டெல்டா பற்றிய இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அடிப்பாறை என்பது படிவுகளுக்கெல்லாம் அடியில் கிடக்கும் பழைய கடினப் பாறை. கும்பகோணம், மாதானம் வரிசையில் பாறை முகடாக நிற்கிறது. அதற்குக் கிழக்கே தரங்கம்பாடிப் பக்கம் அதே பாறை பிளந்து இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் படிவுகளைச் சுமக்கிறது. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்க்டிகாவும் ஒன்றாக இருந்த கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது விழுந்த பிளவுகள் அவை. கல்லூரி விடுமுறையில் நன்னிலம் பக்கம் நில அதிர்வு ஆய்வுக் குழுவில் கூலிக்கு ஜியோபோன் (நில அதிர்வை உணரும் சிறு கருவி) ஊன்றியிருக்கிறேன். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்பின் ஓரத்தில் ஊன்றினால் கருவி ஆடிப் பதிவு கெட்டுவிடும், ஈரமண் தட்டுப்படும்வரை கையால் பறிக்க வேண்டும். துளைக்குள் வெடி வெடித்ததும் உள்ளங்காலில் ஒரு 'தொம்', அவ்வளவுதான். ஆனால் அந்த அலை கீழே போய்த் திரும்ப 2 விநாடி ஆனால், படிவுகளில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 3 கிலோமீட்டர் என்று கொண்டால், எதிரொலித்த அடுக்கு 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரில் அந்த நேரம் மாறும். மேடு பள்ளம் தெரிவது அப்படித்தான். இதே வெடியில் புவி ஓட்டின் அடிமட்டமும் தெரியுமா என்று மேலே ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எண்ணெய் தேடும் ஆய்வில் சில விநாடிகளிலேயே பதிவை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு ஆழத்து எதிரொலி அதற்குள் வந்து சேராது. தொலைதூர நிலநடுக்கங்களின் அலைகளை நில அதிர்வு நிலையங்களில் பதிவு செய்து, வேகம் விநாடிக்கு சுமார் 8 கிலோமீட்டராகத் தாவும் இடத்தை, அதாவது ஓட்டின் அடிமட்டத்தை, கண்டுபிடிப்பது ஒரு வழி.